ஞாயிற்றொளியும் நம் கடனும்

ஒரு பொருளின் நன்மையை எத்துணைதான் எடுத்துரைப்பினும், அதன் விலை எட்டாக்கனியாக இருக்குமாயின் மக்கள் அதனை நாடார். மற்றொரு பொருள் தீங்குடையதென்று தெரிந்தும், அது மலிவாகக் கிடைக்குமாயின் அதனையே கொள்வர். இஃது அவர்தம் குற்றமன்று. மாதச் சம்பளத்தில் அரிசியும் பாலும் பிள்ளைகளின் கொப்பிகளும் வாங்கி, எஞ்சியதைக் கொண்டு விளக்கெரிக்கும் ஒருவன், உலகின் வெப்பநிலையை எண்ணி இருமடங்கு விலை கொடுப்பான் என்று எதிர்பார்த்தல் முறையாகாது. ஆதலின், நிலக்கரியையும் எண்ணெயையும் விடுத்துத் தூய சக்திக்கு மாறுக என உலகத்தாரை வேண்டுவோர் முதற்கண் செய்யவேண்டுவது, அத்தூய சக்தியை மலிவாக்குதலேயாம். அது கைகூடியபின் அறவுரை எளிதாகும். பெரும்பாலும் வேண்டப்படாமலும் போகும்.

இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் யாம் இப்பொருளை எடுத்துக்கொண்டமை கண்டு சிலர் வியத்தல் கூடும். விஞ்ஞான ஆசிரியர்க்கன்றோ இஃது உரியது என்பர். மின்னோட்டம் எவ்வாறு பிறக்கின்றது என்பது அவர்க்கே உரியது, ஐயமில்லை. ஆயின், ஒரு பொருள் எவ்வாறு மலிகின்றது, அது மலிவதற்கு யார் விலைகொடுத்தனர், இனி யார் கொடுத்தல் வேண்டும் என்னும் வினாக்கள் ஒரு சமூகத்தின் ஒழுக்கத்தைப் பற்றியன. அவற்றை ஆராய்தற்கு எவர்க்கும் உரிமையுண்டு.

மலிவு எவ்வாறு பிறக்கின்றது என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு சான்று உளது. ஏட்டுச்சுவடிக் காலத்திலே, ஒருவன் ஒரு நூலைப் பெற விரும்பினால் எழுதுவோனைத் தேடி, ஓலையும் கூலியும் கொடுத்து, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ காத்திருத்தல் வேண்டும். இரண்டாவது சுவடிக்கும் அதே உழைப்பு. நூறாவது சுவடிக்கும் அதே உழைப்பு. ஆறுமுக நாவலர் 1849 ஆம் ஆண்டில் சென்னையினின்று அச்சியந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் நிறுவியபின் அந்நிலை மாறிற்று. அச்சிலே முதற்பிரதிக்கே பெருஞ்செலவு. ஆயிரமாவது பிரதிக்குக் காகிதச் செலவன்றி மிகுதியில்லை. பாலபாடம் ஏழைச் சிறுவன் கையிலும் ஏறியது இதனாலேயாம்.

சக்திப் பொருள்களிலும் இவ்விருவகை உண்டு. நிலக்கரியும் எண்ணெயும் தோண்டி எடுக்கப்படுவன. எளிதில் எட்டும் சுரங்கத்தை முதலில் வெட்டியபின், ஆழமானதையும் தொலைவிலுள்ளதையும் நாடவேண்டும். இயந்திரங்கள் திருந்தலாம், எனினும் ஒவ்வொரு மணிநேர மின்சாரத்துக்கும் மீண்டும் எரிபொருளை விலைகொடுத்து வாங்கியே ஆகவேண்டும். அவ்விலையும் நிலைத்து நில்லாது. 2008 ஆம் ஆண்டு யூலையில் 147 டொலர் வரை ஏறிய ஒரு பீப்பா எண்ணெய், 2020 ஏப்பிரிலில் 20 டொலருக்கு அணித்தாக வீழ்ந்து, 2022 இல் 120 டொலரையும் கடந்தது. எங்கோ மூளும் போர் எம் சமையலறை விளக்கின் விலையை உயர்த்துகின்றது. சோலார் பனல் என மக்கள் வழங்கும் சூரிய மின்தகடோ தொழிற்சாலையிற் செய்யப்படுவது. ஒருமுறை செய்து கூரையிற் பதித்தபின் அதற்கு எரிபொருட் செலவில்லை. செய்வோர்க்குச் செய்யச் செய்யக் கைத்திறன் மிகுதலின், விலையும் குறைந்துகொண்டே வரும்.

இவ்வுண்மையை எண்ணளவில் நிறுவியவர் தியோடர் றைற் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். ஆகாய விமானங்களின் உற்பத்திச் செலவை ஆராய்ந்து, மொத்த உற்பத்தி இருமடங்காகுந்தோறும் ஒவ்வொன்றின் செலவும் ஏறக்குறைய ஒரே வீதத்தாற் குறைகின்றதென 1936 ஆம் ஆண்டில் அவர் எழுதினார். சூரிய மின்தகட்டிலும் இவ்விதி வியக்கத்தக்க முறையிற் பொருந்துகின்றது. உலகில் இதுகாறும் செய்யப்பட்ட தகடுகளின் தொகை இருமடங்காகுந்தோறும் விலை ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைந்து வந்துள்ளது.

இவ்விலை வீழ்ச்சியின் வரலாறு மாணவர் அறியத்தக்கது. ஒளி பட்டால் மின்னோட்டம் பிறக்கும் என்பதனை 1839 ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து எட்மண்ட் பெக்கரெல் கண்டார். அப்பொழுது அவருக்கு வயது 19. நம் உயர்தர வகுப்பு மாணவரின் வயதினர் என்பதை நினைவிற்கொள்க. பயன்படத்தக்க சிலிக்கன் கலத்தை 1954 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் சாப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர் செய்துகாட்டினர். தன்மேற் பட்ட ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கையே அது மின்னாக்கிற்று. ஒரு வாற்று மின்னுக்குச் சில நூறு டொலர் செலவாயிற்று. அவ்விலைக்கு வாங்குவோர் யார்? 1958 ஆம் ஆண்டில் வங்காட் என்னும் செய்மதி சூரிய கலங்களைத் தாங்கி விண்ணிற் சென்றது. அதிலிருந்த சாதாரண மின்கலவடுக்கு சில மாதங்களில் ஓய்ந்தது. சூரிய கலத்தால் இயங்கிய ஒலிபரப்பியோ 1964 வரை பேசிற்று. விண்வெளியில் எரிபொருள் கொண்டுசென்று கொடுப்பார் இல்லையாதலின், எவ்விலையாயினும் அங்கு அது மலிவேயாம்.

அடுத்து வாங்கியோரை எண்ணின் நகைப்பு உண்டாகும். 1970 களில் எலியட் பேர்மன் என்பவர், மின்னணுத் தொழிற்சாலைகள் கழித்த சிலிக்கன் துண்டுகளைப் பயன்படுத்தி, வாற்று ஒன்றுக்கு 100 டொலராக இருந்த விலையை 20 டொலருக்கு இறக்கினார். அதனை விரும்பி வாங்கியோருள் எண்ணெய்க் கம்பனிகளே முன்னின்றன. கடல்நடுவே நின்ற எண்ணெய் மேடைகளின் எச்சரிக்கை விளக்குகளுக்கு அவை தேவைப்பட்டன. தம்மை வெல்லப்போகும் பிள்ளைக்குத் தாமே பாலூட்டினர் என்க.

அதன்பின் நாடுகள் முன்வந்தன. யப்பான் 1994 ஆம் ஆண்டில், கூரையில் மின்தகடு பதிக்கும் வீட்டாருக்குச் செலவில் ஏறக்குறைய அரைப்பங்கை அரசு கொடுக்கும் என அறிவித்து, விலை இறங்க இறங்க அவ்வுதவியையும் குறைத்து வந்தது. யேர்மனி 2000 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, ஞாயிற்றொளியால் மின்சாரம் ஆக்குவோர்க்கு ஓரலகுக்கு 99 பெனிக் வீதம் 20 ஆண்டுகளுக்கு உறுதியாகக் கொடுக்கப்படும். காலந்தாழ்த்திச் சேர்வோர்க்கு அவ்விலை படிப்படியாகக் குறையும். இதற்கான பணம் மின்சாரம் பாவிப்போர் யாவரின் சிட்டையிலும் சிறு சிறு தொகையாகச் சேர்க்கப்பட்டது. வெயில் குறைந்த வடநாட்டில் இஃதென்ன பேதைமை என்று நகைத்தோர் பலர். ஆயின், அவ்வுறுதியை நம்பியே உலகெங்கும் தொழிற்சாலைகள் எழுந்தன.

இவ்விடத்து ஓர் ஆசிரியரையும் மாணவரையும் குறிப்பிடல் வேண்டும். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திலே மார்ட்டின் கிறீன் என்னும் பேராசிரியர், சிலிக்கன் கலத்தின் திறனை உயர்த்துதலைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார். அவரிடம் பயின்ற ஷி ஸெங்ரொங் என்பவர் தம் தாயகமாகிய சீனாவுக்கு மீண்டு, 2001 ஆம் ஆண்டில் ஊசி நகரத்தில் ஒரு தொழிற்சாலை தொடங்கினார். அங்கே செய்யப்பட்ட தகடுகள் யேர்மனியின் கூரைகளுக்குச் சென்றன. அவருடைய நிறுவனம் 2013 ஆம் ஆண்டில் கடனில் மூழ்கிற்று. யேர்மனியின் தொழிற்சாலைகள் பலவும் மூடப்பட்டன. கற்றவர் பலர் வீழ்ந்தனர். கல்வி மட்டும் வீழவில்லை. 1970 களின் நடுவில் இன்றைய மதிப்பில் வாற்றுக்கு ஏறக்குறைய 100 டொலராக இருந்த மின்தகடு, 2024 இல் சீனாவின் மொத்த விலையில் 10 சதத்துக்கு அணித்தாயிற்று. தகடு மட்டுமன்றி நிலையம் முழுவதன் செலவையும் கணக்கிட்டு, சூரிய மின்சாரத்தின் உலகச் சராசரிச் செலவு 2010 ஆம் ஆண்டில் ஓரலகுக்கு 46 அமெரிக்கச் சதமாக இருந்தது, 2023 இல் 4.4 சதமாயிற்று என்கின்றது சர்வதேச மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி முகவரகம். புதிதாகக் கட்டப்படும் நிலக்கரி, எண்ணெய், வாயு நிலையங்களின் சராசரிச் செலவில் இது பாதிக்கும் குறைவு.

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கது யாது? மலிவு தானே வந்ததன்று. விலை மிகுந்திருந்த காலத்து வாங்கியோர், பின்னர் வருவோர்க்காகக் கல்விக்கட்டணம் செலுத்தினர். யேர்மனியின் ஒரு தையற்காரியும் யப்பானின் ஒரு கடைக்காரரும் தம் மின்சிட்டையிற் கொடுத்த சிறு தொகையின் பயனை இன்று நாம் நுகர்கின்றோம். அவர் நம்மை அறியார். நாமும் அவரை அறியோம். முகமறியாதார்க்குச் செய்த இவ்வுதவிக்குக் கைம்மாறு யாதென எண்ணிப் பார்த்தல் நம் கடன்.

மலிவான பொருளின் மறைந்த விலையையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். சுன்னாகத்து மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் படிந்தமையை யாழ்ப்பாணத்தார் மறந்திரார். கிணற்று நீரையன்றி வேறு நீரறியாத நம் சுண்ணாம்புக்கல் மண்ணிலே, அஃது உயிர்நாடியைத் தீண்டிய தீங்காயிற்று. 2019 ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் அவ்வூரவர்க்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கப்பணித்தது. அந்நிலையத்தின் மின்சாரத்துக்கு விலை குறித்தபோது, கெட்ட கிணற்றின் விலையை எவரேனும் கணக்கிற் சேர்த்தனரா? செலவை அயலான் தலையில் ஏற்றிவிட்டு மலிவென்று பெயரிடுதல் மலிவாகாது. இவ்வளவுகோல் தூய சக்திக்கும் பொருந்தும். மன்னாரிற் காற்றாலைகளை மேலும் எழுப்பும் திட்டங்களை அத்தீவு மக்கள் எதிர்த்தபோது, அவர்தம் வெள்ளநீர் வழிகளையும் வலசை வரும் பறவைகளையும் பற்றிக் கூறியவற்றைக் கேளாது தள்ளுதல், தூய்மையின் பெயரால் பழைய பிழையையே மீண்டும் செய்தலாகும்.

எரிபொருளுக்குப் பிறரை நம்பி வாழ்தல் எத்தகையதென்பதனை இம்மலரைப் படிப்போருட் பலர் தம் மாணவப் பருவத்திலேயே கற்றவர். 1990 களில் குடாநாடு மின்சாரமின்றி இருந்தபோது, யாம் போத்தலுட் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரிகொளுத்திப் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்துவைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவின் மின்னாற் செய்தி கேட்டோம். பாதை மூடினால் விளக்கணையும். அப்பாடம் வடபகுதிக்கே உரியதென எண்ணியிருந்தோர்க்கு 2022 ஆம் ஆண்டு வேறு விடை கூறிற்று. டொலர் தீர்ந்தமையால் எரிபொருட் கப்பல்கள் பணத்துக்காகக் கொழும்புக் கடலிற் காத்துநின்றன. மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. அவ்வாண்டின் நடுவிற் பாடசாலைகளும் மூடப்பட்டன. நாடு முழுதும் வெயில் எறித்துக்கொண்டிருந்தது. நாடு முழுதும் இருளிற் கிடந்தது.

அங்ஙனமாயின், தகடு மலிந்தபின்னும் நம் கூரைகளுட் பல வெறுமையாய்க் கிடப்பது ஏன்? காரணம் இரண்டு.

முதலாவது, இரவும் மின்வலையின் தாங்குதிறனும். பகலில் மிகும் மின்னைச் சேமித்து இரவில் வழங்க வேண்டும். 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, தேவை குறைந்து சூரிய மின் மிகுந்திருந்த பகற்பொழுதில், ஓர் உபநிலையத்தில் ஏற்பட்ட சிறு பழுதே இலங்கை முழுவதையும் இருளில் ஆழ்த்திற்று. அவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. ஞாயிறு தருவதைக் கொள்வதற்குக் கலமின்றிக் கவிழ்த்தோம் என்பதே இதன் பொருள். கலம் இன்று கிடைக்கின்றது. லிதியம் மின்கலவடுக்கின் விலையும் றைற் கூறிய வழியே இறங்கி, 2010 இல் கிலோவாற்று மணிக்கு 1,000 டொலருக்கு மேலிருந்தது 2024 இல் 115 டொலராயிற்று.

இரண்டாவது காரணமே பெரிது. அதுவே குறைவாகப் பேசப்படுவது. அஃது வட்டி. டீசல் மின்பிறப்பாக்கியை வாங்குவோன் முதலிற் சிறுதொகை கொடுத்து, பின்னர் எரிபொருளுக்கு நாடோறும் கொடுக்கின்றான். மின்தகடு வாங்குவோனோ 20 ஆண்டு மின்சாரத்துக்கும் வேண்டிய பணத்தை முதல் நாளிலேயே கொடுத்தாக வேண்டும். கைப்பணம் இல்லாதவன் கடன் கொள்வான். ஓர் இலட்சம் ரூபா கடன்கொண்டு, 20 ஆண்டுகளில் ஆண்டுதோறும் ஒரே அளவாகத் திருப்புவதாகக் கணக்கிடுக. வட்டி நூற்றுக்கு 3 ஆயின் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,720 ரூபா. 15 ஆயின் 15,980 ரூபா. தகடு ஒன்றே, வெயிலும் ஒன்றே, மின்சாரத்தின் விலையோ இரண்டு மடங்குக்கு மேல். யாழ்ப்பாணத்தில் எறிக்கும் வெயில் பேர்லின் நகரத்து வெயிலின் ஏறக்குறைய இருமடங்கு. ஞாயிறு நமக்கு மிகுதியாக அளித்த அவ்விருமடங்கை வட்டி பறித்துக்கொள்கின்றது. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் நம் நாட்டுக் கடன்வட்டி நூற்றுக்கு 20 இனையும் கடந்தமையை எண்ணின், தகட்டின் விலையைக் குறைகூறிப் பயனில்லை என்பது வெளிப்படை.

தக்க முறையிற் கடன் கிடைத்தால் ஏழையும் முன்வருவான் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்று உண்டு. மின்கம்பி எட்டாத கிராமங்களில், 1990 களின் இறுதி தொடக்கம் சர்வோதய இயக்கத்தின் கடனுதவிப் பிரிவு முதலானவை தவணைமுறையிற் பணம் கொடுத்தன. அம்முறையால் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளிற் சிறு மின்தகடுகள் ஏறின. தகடு அன்று இன்றையினும் பன்மடங்கு விலை. எனினும் தவணை, மண்ணெண்ணெய்ச் செலவுக்கு அணித்தாக இருந்தமையின் மக்கள் கொண்டனர்.

இனி எமது வேண்டுகோளைக் கூறுவோம். இத்தகைய விழாக்காலத்தில் நினைவுவளைவு அமைப்போமா, மணிக்கூட்டுக் கோபுரம் எழுப்புவோமா என்ற பேச்சு எழுதல் இயல்பு. கடல்கடந்து வாழும் பழைய மாணவரும் உள்ளூரில் வாழ்வோரும் கல்லூரி மீது வைத்த அன்பால் மனமுவந்து கொடுக்கின்றனர். அவ்வன்பை யாம் போற்றுகின்றோம். ஆயின், அப்பணத்தில் ஒரு பகுதியைக் கல்லாக நிறுத்தாது, வட்டியில்லாச் சுழல்நிதியாக நிறுத்துக. முதலிற் கல்லூரிக் கூரையில் மின்தகடும், அதற்கேற்ற மின்கலவடுக்கும் பதிக்கப்படல் வேண்டும். பாடசாலைக்கு வேண்டிய மின்சாரம் பெரும்பாலும் பகலிலேயே செலவாதலின், ஞாயிற்றொளிக்கு இதனினும் பொருத்தமான கூரை அரிது. மின்சிட்டையில் மிஞ்சும் பணம் மாதந்தோறும் நிதிக்கு மீளட்டும். அது நிரம்பியதும் அயலிலுள்ள சிறு பாடசாலைக்கும், அதன்பின் தீவகத்துப் பாடசாலைக்கும் வட்டியின்றிச் செல்லட்டும். நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் கடல்வழி டீசல் கொண்டுசென்று விளக்கேற்றிய தீவுகள் என்பதை நாம் அறிவோம். உற்பத்தியும் செலவும் பௌதிகவியல் மாணவராற் பதியப்பட்டு, காலைக்கூட்டத்தில் மாதமொருமுறை வாசிக்கப்படுக. கணக்கு ஒளிவின்றி இருந்தால் நிதி நிலைக்கும்.

இதற்கு எழக்கூடிய தடைகள் சில. இது அரசு செய்யவேண்டியதன்றோ என்பர். உண்மை, மலிந்த வட்டியும் உறுதியான மின்வலையும் அரசாலேயே நாடு முழுதும் எய்தற்பாலன. ஆயினும், நம் முன்னோர் அரசு செய்யட்டும் என்றிருந்திருப்பின் சைவப் பாடசாலைகள் எழுந்திரா. தகடு இன்னும் மலியும். சில ஆண்டு பொறுப்போம் என்பாரும் உளர். தகடு இப்பொழுது மொத்தச் செலவிற் சிறுபகுதியே. எஞ்சிய செலவு பதிப்போர் கூலி, கம்பி, அனுமதி, பராமரிப்பு என்பன. அவற்றை மலிவாக்கும் கைத்திறனைச் சீனத்துத் தொழிற்சாலை நமக்குக் கற்றுத்தர மாட்டாது. நம் ஊர் இளைஞர் நம் கூரைகளில் ஏறிக் கற்றலே வழி. யாவரும் பொறுத்திருப்பின் எவரும் கல்லார். ஒரு கல்லூரிக் கூரையால் உலகின் வெப்பம் குறையுமா என்பது மூன்றாவது வினா. குறையாது. யேர்மனியின் முதற்கூரையாலும் குறைந்ததில்லை. அக்கூரை அடுத்த கூரையை மலிவாக்கிற்று. அதுவே அதன் பெருமை.

உருக்கும் சீமெந்தும் உரமும் நிலக்கரியும் வாயுவும் இன்றிச் செய்யப்படுதற்கு இன்னும் விலை மிகுதி. அவற்றுக்கும் ஒருவர் முதலில் விலைகொடுத்தாக வேண்டும். செல்வ நாடுகளுக்கு அக்கடன் உரியது. மின்சாரத்தைப் பொறுத்தவரை கடினமான பகுதி முடிந்தது. விண்கலத்துக்கன்றி வேறெவர்க்கும் எட்டாதிருந்த பொருள் இன்று கூரையருகே வந்து நிற்கின்றது.

தைத்திங்களில் முற்றத்தே பொங்கலிட்டு ஞாயிற்றை வணங்கும் மரபினர் நாம். சிலப்பதிகாரம் தொடங்கும்பொழுதே திங்களோடும் மழையோடும் ஞாயிற்றைப் போற்றுகின்றது. வணங்கிய தெய்வம் கேளாமலே தரும் கொடையை வட்டிக்கு அஞ்சி ஏலாதிருத்தல் தகுமா? கடன் என்னும் சொல்லுக்குத் தமிழிற் பொருள் இரண்டு: ஒன்று பிறரிடம் கொண்ட பணம், மற்றொன்று செய்யத்தக்க கடமை. பின்னதை நாம் ஏற்பின், முன்னதன் பாரம் நம்மின் எளியோர்க்குக் குறையும். கல்லூரி அன்னையின் மைந்தர் இதனைச் சிந்திப்பாராக.